கப்பலில் ஏறும் ஹைப்பர்சோனிக் ஏவுகணை: அடிப்படையிலிருந்து ஓர் எளிய விளக்கம்

போன மாதம் அக்கா மகன் ஒரு வீடியோ அனுப்பினான். பிளஸ் ஒன் படிக்கிறான், இயற்பியல் என்றால் உயிர். நடுக்கடலில் ஒரு விமானந்தாங்கிக் கப்பல் நிற்கிறது. வானத்திலிருந்து நெருப்புக்கோடாக ஏதோ இறங்குகிறது. கப்பல் இரண்டாகப் பிளக்கிறது. எல்லாம் கம்ப்யூட்டரில் வரைந்த காட்சி. கீழே அவன் கேள்வி: "மாமா, இது வந்துட்டா யாராலயும் தடுக்க முடியாதாமே? அப்ப கடற்படையெல்லாம் எதுக்கு?"

அவனுக்கு இரண்டு வரியில் பதில் எழுத உட்கார்ந்தேன், முடியவில்லை. அந்த வீடியோ ஒன்பது நிமிடம் ஓடுகிறது. அதில் ஹைப்பர்சோனிக் என்ற சொல் நாற்பது தடவையாவது வருகிறது. அது என்னவென்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. தொலைக்காட்சி விவாதங்களிலும் இதே கதைதான். பிரம்மோஸ், கின்ஷால், அக்னி என்று வெவ்வேறு வகை ஏவுகணைகள் எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டுப் பேசுகிறார்கள். பிள்ளைகள் இதை நம்பி வளர்வது எனக்குக் கவலையாக இருக்கிறது. அதனால் அவனுக்குச் சொல்ல நினைத்ததை இங்கே நிதானமாக எழுதுகிறேன். எடுத்துக்காட்டாக அமெரிக்கக் கடற்படையின் ஒரு திட்டத்தை எடுத்துக்கொள்கிறேன். அதன் பெயர் 'கன்வென்ஷனல் ப்ராம்ட் ஸ்ட்ரைக்'. அணுகுண்டு இல்லாமல், சீக்கிரமாக, தொலைவில் உள்ள இலக்கைத் தாக்குவது என்று பொருள். அந்தப் பெயரில் உள்ள ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் ஒரு பெரிய சிக்கல் இருக்கிறது.

## வேகத்தை எதை வைத்து அளக்கிறோம்?

தெருக்கோடியில் யாரோ வெடி வைக்கிறார்கள். முதலில் வெளிச்சம் தெரிகிறது, அப்புறம்தான் சத்தம் வருகிறது. ஒலி காற்றில் நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும் என்பதால் அந்த இடைவெளி. ஒரு கிலோமீட்டர் கடக்க அதற்கு மூன்று நொடி ஆகிறது.

இந்த ஒலி வேகத்தை ஓர் அளவுகோலாக வைத்துக்கொண்டு, ஒரு பொருள் அதைவிட எத்தனை மடங்கு வேகத்தில் போகிறது என்று சொல்வதே மாக் எண். எர்ன்ஸ்ட் மாக் என்ற ஆஸ்திரிய இயற்பியலாளரின் பெயர் அது. மாக் 1 என்றால் ஒலியின் வேகம். அதைத் தாண்டினால் சூப்பர்சோனிக். மாக் 5-ஐத் தாண்டினால் ஹைப்பர்சோனிக். ஒலி ஒரு கிலோமீட்டர் வருவதற்குள் இது ஐந்து கிலோமீட்டர் போய்விடும். சென்னையிலிருந்து மதுரை நேர்க்கோட்டில் 420 கிலோமீட்டர் இருக்கும். மாக் 5-இல் ஐந்து நிமிடத்துக்குள் கடந்துவிடலாம்.

மாக் 5 என்பது மைல்கல் நட்டு வைத்த எல்லை இல்லை. மாக் 4.9-க்கும் 5.1-க்கும் நடுவில் எதுவும் உடைந்து மாறிவிடுவதில்லை. ஏறத்தாழ அந்த வேகத்தில் காற்று வேறு மாதிரி நடந்துகொள்ளத் தொடங்குகிறது, வெப்பமே முதல் எதிரியாகிறது. அதனால் பொறியாளர்கள் வசதிக்காக அங்கே ஒரு கோடு போட்டுக்கொண்டார்கள்.

## வேகம் எழுபது வருடப் பழசு

பலருக்கும் இது ஆச்சரியமாக இருக்கும். 1949 பிப்ரவரி 24 அன்று, நியூ மெக்சிகோவின் வொயிட் சாண்ட்ஸ் பாலைவனத்தில், ஜெர்மனியிடமிருந்து கைப்பற்றிய வி-2 ராக்கெட்டின் தலையில் இன்னொரு சின்ன ராக்கெட்டைப் பொருத்தி மேலே அனுப்பினார்கள். அது மாக் 5-ஐத் தாண்டியது. கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணைகள் பல பத்தாண்டுகளாக நொடிக்கு ஏழு கிலோமீட்டர் வேகத்தில், அதாவது மாக் 20-க்கும் மேலே, இறங்கும்படி தயாராக நிற்கின்றன.

அப்படியென்றால் இப்போது மட்டும் ஏன் இவ்வளவு பரபரப்பு? போகிற பாதைதான் காரணம்.

மாந்தோப்பில் கல் எறிந்தவர்களுக்கு இது எளிதாகப் புரியும். கையை விட்டபின் கல் மேலே ஏறி, வளைந்து, கீழே இறங்கும். எறிந்த வேகமும் கோணமும் தெரிந்தால் எங்கே விழும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். இப்படி எறிகல் பாதையில் போவதுதான் பாலிஸ்டிக் ஏவுகணை. ராக்கெட் முதல் சில நிமிடம் தள்ளிவிடும். அப்புறம் அது வளிமண்டலத்துக்கு வெளியே சும்மா மிதந்து போய், புவியீர்ப்பால் விழும். விழுமிடத்தைக் கணக்குப் போடலாம் என்பதுதான் அதன் பலவீனம்.

இரண்டாவது வகை க்ரூஸ் ஏவுகணை. ஆளில்லாத சின்ன விமானம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வழி முழுக்க இயந்திரம் ஓடும், தாழப் பறக்கும், திரும்பும். அமெரிக்காவின் டோமஹாக் இந்த வகை. ஆனால் மணிக்கு 900 கிலோமீட்டரை ஒட்டித்தான் போகும்; நாம் ஏறும் பயணிகள் விமானத்தின் வேகம்.

மூன்றாவதுதான் நம் விஷயம். உச்சி வெயிலில் பருந்தைப் பாருங்கள். ஒரு உயரத்துக்கு ஏறியபின் சிறகை அடிக்காமல் விரித்து வைத்தபடி நெடுந்தூரம் வழுக்கிக்கொண்டு போகும். இடையில் லேசாகச் சாய்ந்து திசையும் மாற்றும். ஒரு ராக்கெட்டின் மூக்கில் ஆப்பு வடிவத்திலோ கூம்பு வடிவத்திலோ ஒரு பொருளை வைத்து மேலே கொண்டுபோய்க் கழற்றிவிட்டால், அது வளிமண்டலத்தின் மேலடுக்கில் பருந்துபோலச் சறுக்கிக்கொண்டே இலக்குவரை போகும். இயந்திரம் கிடையாது, ராக்கெட் கொடுத்த வேகம்தான் கைமுதல், செலவழித்துக்கொண்டே போக வேண்டும். இதைச் சறுக்கு வாகனம் என்று சொல்கிறேன். மேலே தள்ளிவிடும் ராக்கெட்டுக்குப் பூஸ்டர் என்று பெயர்.

சுருக்கமாக இதுவரை: ஹைப்பர்சோனிக் வேகம் பழையது. அந்த வேகத்தில், வளிமண்டலத்துக்குள்ளேயே, திசை மாற்றியபடி நெடுந்தூரம் போவது புதியது.

## சூடு எங்கிருந்து வருகிறது?

காற்றோடு உரசுவதால் சூடாகிறது என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். உரசலுக்கும் பங்கு உண்டு, ஆனால் பெரும்பங்கு அதற்கில்லை. சைக்கிளுக்குக் கையால் காற்றடித்திருக்கிறீர்களா? இருபது தடவை அழுத்தியபின் பம்பின் அடிப்பக்கத்தைத் தொட்டால் சுடும். உள்ளே காற்று நெருக்கப்படுகிறது. நெருக்கினால் காற்று சூடாகும். ஹைப்பர்சோனிக் வாகனத்தின் மூக்குக்கு முன்னால் நடப்பதும் இதேதான். விலகி வழிவிடக் காற்றுக்கு நேரமில்லை. மூக்கின் முன்னால் ஒரு மெல்லிய அடுக்காக நசுங்குகிறது. அதற்கு அதிர்வலை என்று பெயர்.

பள்ளிப் பாடச் சூத்திரத்தை வைத்தே கணக்குப் பார்க்கலாம். மேலடுக்கின் குளிர்ந்த காற்று மாக் 5-இல் மூக்கில் மோதி நின்றால் ஏறத்தாழ 1,000 டிகிரி செல்சியஸைத் தொடும். பட்டறையில் இரும்பு செக்கச்செவேலென்று பழுக்கும் சூடு. மாக் 8-இல் 2,000 டிகிரியைத் தாண்டிவிடும். எஃகு அங்கே தண்ணீராக ஓடும். அலுமினியம் பற்றிப் பேச்சே இல்லை. கார்பன் இழைகளைக் கார்பனிலேயே பொதித்துச் செய்த பொருட்களும் பீங்கான் வகைகளும்தான் தாங்கும்.

இந்தச் சூடு எவ்வளவு கொடியது என்பதை நாம் ஒரு தடவை நேரடியாகப் பார்த்திருக்கிறோம். 2003 பிப்ரவரி 1, கொலம்பியா விண்ணோடம். கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேர். புறப்படும்போது கழன்று விழுந்த ஒரு நுரைத்துண்டு இடது இறக்கையின் விளிம்பில் ஓட்டை போட்டிருந்தது. பதினாறு நாள் விண்வெளியில் அந்த ஓட்டையால் எந்தத் தொல்லையும் இல்லை. பூமிக்குத் திரும்பும்போது, நசுங்கிக் கொதித்த காற்று அதன் வழியாக உள்ளே புகுந்து இறக்கையை உள்ளிருந்தே உருக்கியது. வாகனம் சிதறியது. மறுநாள் காலை நாளிதழில் அவர் படத்தைப் பார்த்தவர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

ஏவுகணைச் சோதனைகளிலும் இதே பாடம்தான். அமெரிக்காவின் 'டார்பா' ஆராய்ச்சி அமைப்பு 2010-இலும் 2011-இலும் எச்டிவி-2 என்ற சறுக்கு வாகனத்தை மாக் 20 அளவில் பறக்கவிட்டது. இரண்டு தடவையும் சுமார் ஒன்பது நிமிடத்தில் தொடர்பு போய்விட்டது. 2011-இல் மேல்தோல் எதிர்பார்த்ததைவிட அதிகமாக உரிந்துபோனதே காரணம் என்று ஆய்வில் தெரிந்தது.

## சறுக்குவது ஒரு வழி, எரிப்பது இன்னொரு வழி

சறுக்கு வாகனம் தவிர இன்னொரு வகையும் உண்டு. வழி முழுக்க இயந்திரம் ஓடும் ஹைப்பர்சோனிக் க்ரூஸ் ஏவுகணை. அதன் இயந்திரத்துக்கு ஸ்க்ராம்ஜெட் என்று பெயர். சுழலும் விசிறி எதுவும் கிடையாது. வேகத்தில் மோதும் காற்றே வாய் வழியாக உள்ளே நெருக்கப்படும். அதில் எரிபொருளைத் தெளித்து எரித்தால் பின்னால் பீறிட்டுத் தள்ளும். காற்று உள்ளேயும் ஒலியைவிட வேகமாகவே ஓடும் என்பதுதான் இதன் தனித்தன்மை.

விறகடுப்பில் ஊதுகுழல் வைத்து ஊதியவர்களுக்குத் தெரியும். பதமாக ஊதினால் தீ பிடிக்கும், பலமாக ஊதினால் இருக்கிற தீயும் அணைந்துவிடும். ஸ்க்ராம்ஜெட்டுக்குள் நொடிக்கு ஒரு கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் காற்று ஓடுகிறது. ஒரு மீட்டர் நீள அறையைக் கடக்க அதற்கு ஒரு மில்லிநொடிகூட ஆவதில்லை. அதற்குள் எரிபொருள் கலந்து, பற்றி, எரிந்து முடிய வேண்டும். 2013 மே மாதம் அமெரிக்க விமானப்படையின் எக்ஸ்-51 விமானம் மாக் 5-ஐத் தாண்டி இரண்டு நிமிடத்துக்கும் மேல் ஸ்க்ராம்ஜெட்டில் பறந்தபோது அதைச் சாதனையாகக் கொண்டாடினார்கள், காரணம் இதுதான்.

ரஷ்யாவின் சிர்கான் இந்த வகை. 2020 அக்டோபரில் வெள்ளைக்கடலில் நின்ற 'அட்மிரல் கோர்ஷ்கோவ்' போர்க்கப்பலிலிருந்து ஏவி, 450 கிலோமீட்டர் தொலைவிலிருந்த கடல் இலக்கைத் தாக்கியதாகவும் வேகம் மாக் 8-ஐத் தாண்டியதாகவும் ரஷ்யா அறிவித்தது. சீனாவின் டிஎஃப்-17 சறுக்கு வாகன வகை. 2019 அக்டோபர் 1 பெய்ஜிங் அணிவகுப்பில் காட்டினார்கள். அமெரிக்கக் கடற்படை எடுத்ததும் சறுக்கு வழிதான்.

## அணுகுண்டு இல்லை என்பதுதான் கஷ்டம்

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். பேசுகிறவர்கள் பெரும்பாலும் தாண்டிப் போய்விடும் இடம் இது.

1998 ஆகஸ்ட் 20. அரபிக்கடலில் நின்ற அமெரிக்கக் கப்பல்கள் ஆப்கானிஸ்தானில் ஒசாமா பின்லேடனின் முகாம்கள்மீது டோமஹாக் ஏவுகணைகளைப் பொழிந்தன. கடலிலிருந்து அந்த மலைப்பகுதிக்கு அவை போய்ச் சேரும் நேரத்தில் ஒருவர் சாப்பிட்டு எழுந்து வேறு ஊருக்கே போய்விடலாம். பின்லேடன் அங்கே இல்லை. 'இன்னும் சீக்கிரம் போகிற ஒன்று நம்மிடம் இல்லையே' என்ற பேச்சு வாஷிங்டனில் வலுத்ததற்கு இப்படிப்பட்ட அனுபவங்கள் காரணமாயின.

முதலில் குறுக்குவழி ஒன்றை யோசித்தார்கள். நீர்மூழ்கிகளில் ஏற்கெனவே இருக்கும் ட்ரைடன்ட் ஏவுகணைகள் சிலவற்றில் அணுகுண்டை எடுத்துவிட்டுச் சாதாரண வெடிமுனை வைக்கலாம் என்று. அமெரிக்க நாடாளுமன்றம் பணம் தர மறுத்துவிட்டது. அதே நீர்மூழ்கி, அதே ஏவுகணை, அதே பாதை. அணுகுண்டு வருகிறதா சாதாரணக் குண்டு வருகிறதா என்று எதிரி எப்படித் தெரிந்துகொள்வான்? நியாயமான பயம். அதன் பிறகுதான், பார்த்த உடனே வேறுபாடு தெரிகிற பாதையில் போகும் சறுக்கு வாகனத்துக்கு மதிப்பு கூடியது.

சரி, அணுகுண்டை எடுத்துவிட்டால் என்ன ஆகும்? அணுகுண்டு இலக்கிலிருந்து நூறு, இருநூறு மீட்டர் தள்ளி விழுந்தாலும் வேலையை முடித்துவிடும். சாதாரண வெடிமுனைக்கு அந்தச் சலுகை கிடையாது. ஒரு கட்டடத்தைத் தாக்க வேண்டுமென்றால் அந்தக் கட்டடத்தின்மேலேயே விழ வேண்டும். இரண்டாயிரம் கிலோமீட்டர் பறந்து, மூக்கு பழுத்து, தோல் தேய்ந்து வடிவமே லேசாக மாறிய ஒரு பொருள், கடைசி நொடிகளில் சில மீட்டர் துல்லியத்தோடு இறங்க வேண்டும். மிகை வேகங்களில் வாகனத்தைச் சுற்றியுள்ள காற்று மின்னேற்றம் பெற்று ஒரு போர்வைபோல மூடிக்கொண்டால் ரேடியோ அலைகளும் தடைபடும். வழிகாட்டும் செயற்கைக்கோள் சிக்னல் கிடைக்காத நேரத்திலும் தன் இடத்தைத் தானே கணித்துக்கொள்ள வேண்டும்.

ரஷ்யாவும் சீனாவும் தங்கள் சறுக்கு வாகனங்கள் சிலவற்றை அணுகுண்டு சுமக்கவும் வடிவமைத்திருக்கின்றன. அமெரிக்கா அணுகுண்டு இல்லாததை மட்டுமே எடுத்துக்கொண்டது. 'அமெரிக்கா ஏன் பின்தங்கிவிட்டது' என்று கேட்பவர்கள் இந்த வேறுபாட்டைக் கணக்கில் எடுப்பதே இல்லை. அமெரிக்கா தாமதித்ததற்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனாலும் எழுதுகிற தேர்வுத்தாள் ஒன்றல்ல என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

வேகமே ஓரளவு வெடிமருந்தாகவும் வேலை செய்யும். இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும் என்று பதினோராம் வகுப்பில் படித்திருப்போம். நொடிக்கு மூன்று கிலோமீட்டர் வேகத்தில் வரும் ஒரு கிலோ எடை, ஒரு கிலோ டிஎன்டி வெடித்தால் வெளிப்படும் ஆற்றலை ஒட்டிய அளவைச் சுமந்து வருகிறது. இறங்கும்போது வேகம் குறைந்துவிடும் என்பதால் முழுதும் கைக்கு வராது. இருந்தாலும் கணிசமானது.

## ஒரு கப்பலின் கதை

2016 அக்டோபரில் பால்டிமோர் துறைமுகத்தில் 'யுஎஸ்எஸ் சும்வால்ட்' என்ற போர்க்கப்பல் அமெரிக்கக் கடற்படையில் சேர்ந்தது. 186 மீட்டர் நீளம், சுமார் 16,000 டன். பக்கச் சுவர்கள் மேலே போகப் போக உள்பக்கமாகச் சரிந்திருக்கும். ரேடாரில் சின்னதாகத் தெரியவேண்டும் என்பதற்காக அந்த வடிவம். முதலில் 32 கப்பல் கட்டுவதாகத் திட்டம். செலவு எகிறியதால் மூன்றோடு நின்றது.

கரையிலுள்ள இலக்குகளைத் தாக்க முன்பக்கத்தில் இரண்டு பெரிய 155 மில்லிமீட்டர் பீரங்கிகள் வைத்தார்கள். அவற்றுக்கென்றே தனிக் குண்டு. கப்பல்கள் மூன்றாகக் குறைந்ததும் குண்டுகளின் எண்ணிக்கையும் குறைந்தது. ஒரு குண்டின் விலை 8 லட்சம் டாலர் அளவுக்குப் போனது. 2016-லேயே அந்தக் குண்டை வாங்கப்போவதில்லை என்று முடிவானது. கப்பல் கடலில், பீரங்கி கப்பலில், அதில் போடக் குண்டு மட்டும் இல்லை.

2023 ஆகஸ்டில் அந்தக் கப்பல் மிசிசிப்பி மாநிலத்தின் பாஸ்ககூலா கப்பல்கட்டும் தளத்துக்கு வந்தது. தண்ணீரிலிருந்து தூக்கிக் கரையில் வைத்தார்கள். முன்பக்கப் பீரங்கியைப் பெயர்த்தெடுத்தார்கள். அந்தக் குழிக்குள் நான்கு பெருங்குழாய்கள் இறங்கின. ஒவ்வொன்றும் 87 அங்குல அகலம். ஒரு ஆள் உயரத்தைவிட அகலமானது. குழாய்க்கு மூன்று வீதம் மொத்தம் 12 ஹைப்பர்சோனிக் ஏவுகணை வைக்கலாம். 2024 டிசம்பரில் கப்பல் மறுபடி தண்ணீரைத் தொட்டது.

ஏன் இவ்வளவு அறுவைச் சிகிச்சை? ஏற்கெனவே இருக்கிற ஏவுகுழாய்களில் வைத்தால் என்ன? அளவு பொருந்தாது. போர்க்கப்பல்களில் வழக்கமாக இருக்கும் செங்குத்து ஏவுகூடுகளின் அகலம் 25 அங்குலம். டோமஹாக் சுமார் 20 அங்குல விட்டம், தாராளமாக இறங்கும். ஹைப்பர்சோனிக் ஏவுகணையின் பூஸ்டர் 34.5 அங்குலம். ஆழாக்குக்குள் படியை நுழைக்க முடியாது. கடற்படையின் பெரும்பாலான கப்பல்களில் இதை வைக்க முடியாததற்கு முதல் காரணம் இந்த ஒன்பதரை அங்குலம்தான். சும்வால்ட் வகையின் மூன்று கப்பல்கள், அப்புறம் நடுவில் கூடுதல் ஏவுகுழாய்ப் பகுதி சேர்த்துக் கட்டப்படும் புதிய வர்ஜீனியா வகை நீர்மூழ்கிகள். இவற்றில்தான் ஏற்றத் திட்டம்.

இன்னொரு சிக்கல் ஏவும் முறை. தீபாவளி ராக்கெட்டைப் பாட்டிலில் வைத்துப் பற்றவைத்தால் பாட்டிலின் வாய் கருகிப்போகும், சில நேரம் வெடித்தும்விடும். பல டன் எடையுள்ள பூஸ்டரைக் கப்பலின் வயிற்றுக்குள் பற்றவைத்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. நீர்மூழ்கியிலோ வெளியே தண்ணீர். அதனால் முதலில் அழுத்தமான வாயுவால் ஏவுகணையைக் குழாயிலிருந்து வெளியே உந்திவிடுவார்கள். அந்தரத்தில் ஏறிய பிறகுதான் தீ பிடிக்கும். சின்ன வயதில் மூங்கில் குழாயில் காயை அடைத்துக் குச்சியால் தள்ளி 'டப்' என்று சுட்டிருப்போமே, அதே தத்துவம். இதற்குக் குளிர் ஏவுதல் என்று பெயர். 1960 ஜூலையில் கடலுக்கடியில் இருந்த ஒரு நீர்மூழ்கியிலிருந்து முதல் போலாரிஸ் ஏவுகணையை விட்டதிலிருந்து இந்த வித்தை கடற்படைக்குப் பழக்கம்.

பழக்கமான வித்தை என்றாலும் புதிய ஏவுகணையோடு சேரும்போது பிடிவாதம் பிடிக்கத்தான் செய்கிறது. அந்தச் சறுக்கு வாகனத்தைக் கடற்படையும் தரைப்படையும் சேர்ந்து உருவாக்கின. தரைப்படை அதே ஏவுகணையை லாரியில் வைத்து 'டார்க் ஈகிள்' என்கிறது. 2017 அக்டோபரிலும் 2020 மார்ச்சிலும் ஹவாயின் கவாய் தீவிலிருந்து பறக்கவிட்டது வெற்றி. அப்புறம் வரிசையாகச் சறுக்கல். 2021 அக்டோபரில் அலாஸ்காவில் பூஸ்டர் கோளாறு. சறுக்கு வாகனம் பிரியும் கட்டத்துக்கே போகவில்லை. 2022 ஜூனில் ஹவாயில் பற்றவைத்த பிறகு கோளாறு. 2023-இல் சில தடவை ஏவுவதற்கு முன்பே நிறுத்தினார்கள். 2024 ஜூனில் ஒரு தடவை, டிசம்பரில் ஃப்ளோரிடாவின் கேப் கனாவெரல் ஏவுதளத்திலிருந்து ஒரு தடவை, முழு ஏவுகணையும் தொடக்கத்திலிருந்து முடிவுவரை பறந்தது. கவனியுங்கள், இந்தத் தோல்விகளில் பெரும்பாலானவை பறவைக்கு வந்தவை அல்ல; அதைத் தூக்கி எறியும் கைக்கு வந்தவை.

இதுவரை: வெடிமுனை சாதாரணமானது என்பதால் துல்லியம் வேண்டும். பூஸ்டர் பெரியது என்பதால் பெரிய குழாய் வேண்டும். பெரிய குழாய் உள்ள கப்பல்கள் மிகக் குறைவு.

## தடுக்கவே முடியாதா?

மருமகனின் முதல் கேள்விக்கு வருகிறேன். கொஞ்சம் பள்ளிக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

பூமி உருண்டை. கப்பலின் ரேடார் கடல் மட்டத்திலிருந்து 25 மீட்டர் உயரத்தில் இருந்தால், 40 கிலோமீட்டர் உயரத்தில் வரும் சறுக்கு வாகனம் சுமார் 850 கிலோமீட்டர் தூரத்தில் அடிவானத்துக்கு மேலே எழும். மாக் 8 என்றால் நொடிக்குச் சுமார் இரண்டரை கிலோமீட்டர். ஆக, அதிகபட்சம் ஐந்தரை நிமிடம். ஆயிரம் கிலோமீட்டர் உயரம் ஏறி வரும் பாலிஸ்டிக் ஏவுகணையை இதைவிட மிக முன்னதாகவே பார்த்துவிடலாம். சறுக்கு வாகனத்தால் எதிரிக்கு நேரம் குறைகிறது என்பது உண்மை.

இதே கணக்கைக் கடலை ஒட்டிப் பத்து மீட்டர் உயரத்தில் வரும் சாதாரண, ஒலியைவிட மெதுவான ஏவுகணைக்குப் போட்டுப் பாருங்கள். அது 35 கிலோமீட்டருக்குள் வந்த பிறகுதான் கப்பலின் கண்ணில் படும். மிச்சமிருப்பது சுமார் இரண்டு நிமிடம். மெதுவான ஏவுகணை கொடுக்கும் நேரம் இன்னும் குறைவு! நான் முதன்முதலில் இந்தக் கணக்கைப் போட்டபோது தப்பாகப் போட்டுவிட்டேனோ என்று இரண்டாவது தடவை போட்டுப் பார்த்தேன். வேகத்தை மட்டும் வைத்து ஆபத்தை அளக்கக்கூடாது என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

அடுத்து, மீன்போல வளைந்து நெளியும் என்கிற கதை. பைக்கில் வேகமாகப் போகும்போது சட்டென்று திரும்ப முடியாது அல்லவா? நொடிக்கு இரண்டரை கிலோமீட்டர் வேகத்தில் போகிற பொருள், தன் எடையைப்போல மூன்று மடங்கு பக்கவிசை கொடுத்துத் திரும்பினால்கூட, அது போடும் வட்டத்தின் ஆரம் சுமார் 200 கிலோமீட்டர். சென்னையில் திரும்பத் தொடங்கினால் திசை முழுதாக மாறுவதற்குள் பல மாவட்டங்களைத் தாண்டிவிடும். ஒவ்வொரு திருப்பத்துக்கும் வேகத்தில் ஒரு பங்கைச் செலவழிக்க வேண்டும். திரும்பப் பெற இயந்திரம் இல்லை. எங்கே விழும் என்று எதிரியைக் குழப்ப அந்தத் திருப்பம் போதும். எதிரே வரும் தடுப்பு ஏவுகணையிடமிருந்து சட்டென்று விலகித் தப்ப அது போதாது.

பழுத்துக் கொதிக்கும் பொருள் அகச்சிவப்புக் கண்ணுள்ள செயற்கைக்கோளுக்கு நன்றாகவே தெரியும். ஏவும்போது எழும் தீத்தூண் ஏவிய கப்பலின் இடத்தையும் காட்டிக்கொடுத்துவிடும்.

போரிலிருந்தே ஒரு சான்று: 2018-இல் தடுக்க முடியாத ஆயுதம் என்று ரஷ்ய அதிபர் புடின் அறிவித்த கின்ஷாலை 2023 மே மாதம் உக்ரைனின் கீவ் நகருக்கு மேலே, அமெரிக்கத் தயாரிப்பான பேட்ரியட் என்ற ஏவுகணைத் தடுப்பு அமைப்பு வீழ்த்தியது. கின்ஷால் சறுக்கு வாகனம் அல்ல, விமானத்திலிருந்து விடும் பாலிஸ்டிக் வகை. அதனால் இதை வைத்து எல்லாவற்றையும் முடிவுசெய்ய முடியாது. வேகம் ஒன்றே கவசமாகிவிடாது என்பதுவரை சொல்லலாம். ஆனால் பேட்ரியட் போன்றவை தம்மைச் சுற்றிய சிறு வட்டத்தைத்தான் காக்கும். நடுவழியில் சறுக்கும்போதே அடிப்பதுதான் இன்னும் கைகூடாத வேலை. அதற்கென்று தனித் தடுப்பு ஏவுகணையை அமெரிக்காவும் ஜப்பானும் சேர்ந்து உருவாக்கிக்கொண்டிருக்கின்றன.

## கண்ணும் பணமும்

1,500 கிலோமீட்டரை டோமஹாக் கடக்க ஒன்றேமுக்கால் மணி நேரம் ஆகும். ஹைப்பர்சோனிக் பன்னிரண்டு பதின்மூன்று நிமிடத்தில் போய்விடும். ஆனால் இலக்கு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க மூன்று மணி நேரம் ஆனால், அந்த வேகத்தால் என்ன பயன்? மணிக்கு 55 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் போர்க்கப்பல் அந்தப் பன்னிரண்டு நிமிடத்திலேயே 11 கிலோமீட்டர் நகர்ந்துவிடும். செயற்கைக்கோள், ஆளில்லா விமானம், தகவல் இணைப்பு, முடிவெடுக்கும் ஆள் எல்லாம் சேர்ந்துதான் ஆயுதம். அந்த வீடியோவில் வந்ததுபோல ஓடும் கப்பலைக் கடைசி நொடியில் தேடிப் பிடித்து அடிப்பது தனிச் சவால். அமெரிக்கக் கடற்படையின் இந்தத் திட்டம் முதலில் குறிவைப்பது தரையிலுள்ள இலக்குகளைத்தான்.

விலை? 2023 ஜனவரியில் அமெரிக்க நாடாளுமன்றத்தின் பட்ஜெட் அலுவலகம் வெளியிட்ட அறிக்கை, இத்தகைய ஏவுகணை ஒன்றுக்கு ஏறத்தாழ 4 கோடியே 10 லட்சம் டாலர் ஆகலாம் என்று மதிப்பிட்டது. ஒரு சும்வால்ட்டை நிரப்பவே கிட்டத்தட்ட 50 கோடி டாலர். அதே தூரம் போய்க் கடைசியில் திரும்பக்கூடிய பாலிஸ்டிக் ஏவுகணையைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதல் செலவு என்றும் அது சொன்னது. பன்னிரண்டு அம்பு இருக்கிறது, ஒவ்வொன்றும் பொன்னம்பு. கப்பல் தலைவருக்கு எதன்மேல் விடுவது என்ற கேள்வி லேசானதாக இருக்காது.

## இந்தியா எங்கே இருக்கிறது?

தஞ்சாவூர் விமானப்படைத் தளத்தில் 2020 ஜனவரியிலிருந்து பிரம்மோஸ் சுமக்கும் சுகோய் விமானங்கள் நிற்கின்றன. அதைப் பற்றிய செய்திகளில் ஹைப்பர்சோனிக் என்று போட்டுவிடுகிறார்கள். பிரம்மோஸ் மாக் 3-ஐ ஒட்டிப் போவது; சூப்பர்சோனிக். அதுவே பெரிய வேகம்தான், இல்லாத பட்டம் தேவையில்லை.

உண்மையான ஹைப்பர்சோனிக் முயற்சிகள் தனியே நடக்கின்றன. 2020 செப்டம்பர் 7 அன்று ஒடிசா கடற்கரையிலுள்ள அப்துல் கலாம் தீவுப் பகுதியிலிருந்து இந்தியப் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓ ஒரு ஸ்க்ராம்ஜெட் வாகனத்தை 20 நொடிக்கு மேல் மாக் 6 அளவில் பறக்கவிட்டது. 2024 நவம்பர் 16-இல் 1,500 கிலோமீட்டருக்கு மேல் செல்லக்கூடிய ஹைப்பர்சோனிக் ஏவுகணையைச் சோதித்தது. 2025 ஏப்ரலில் ஹைதராபாத் ஆய்வகத்தில் ஸ்க்ராம்ஜெட் எரியறை ஒன்று தரைச்சோதனையில் 1,000 நொடிக்கு மேல் அணையாமல் எரிந்தது. ஊதுகுழல் கதையை நினைத்துப் பார்த்தால் அந்த ஆயிரம் நொடியின் மதிப்பு புரியும்.

## நிமிடங்கள்

எனக்கு உண்மையிலேயே கவலை தருவது கப்பல் பிளப்பது அல்ல. 1995 ஜனவரி 25 அன்று நார்வேயின் வடமேற்குக் கரையிலிருந்து விஞ்ஞானிகள் ஒரு ராக்கெட்டை விட்டார்கள். வடதுருவ ஒளியை ஆராய்வதற்காக. ரஷ்யா உட்படப் பல நாடுகளுக்கு முன்பே தகவல் அனுப்பியிருந்தார்கள். அந்தத் தகவல் ரஷ்ய ரேடார் நிலையத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. திரையில் அவர்கள் பார்த்தது, நீர்மூழ்கியிலிருந்து வரும் ட்ரைடன்ட் ஏவுகணையைப் போன்ற ஒன்றை. தகவல் மேலே போய், அதிபர் யெல்த்சினின் முன்னால் அணு ஆயுதக் கட்டளைப் பெட்டியை இயக்கி வைத்தார்கள். அந்த ராக்கெட் புறப்பட்ட 24-ஆவது நிமிடத்தில் ஸ்பிட்ஸ்பெர்கன் தீவருகே விழுந்தது.

இதில் பாதி நேரம்கூட இல்லாத, எங்கே போகிறது என்று கடைசிவரை தெரியாத, உள்ளே என்ன இருக்கிறது என்று வெளியே எழுதி ஒட்டியிராத ஓர் ஆயுதம் திரையில் தெரிந்தால் அந்த அறையில் இருப்பவர்கள் என்ன செய்வார்கள்? இதைத்தான் அந்த வீடியோ எடுத்தவர்களும் தொலைக்காட்சி விவாதக்காரர்களும் பேச வேண்டும் என்று விரும்புகிறேன்.

இதையெல்லாம் மருமகனுக்கு இரவு போனில் சொல்லிக்கொண்டிருந்தேன். நார்வே கதை வந்ததும் பேச்சை நிறுத்திவிட்டான். கொஞ்ச நேரம் கழித்து, "மாமா, நிஜமாவே அந்தப் பெட்டியத் திறந்துட்டாங்களா?" என்றான்.

திறந்துவிட்டார்கள் என்றேன்.